தோ பாயோவில் கத்திரிக்கோல் இல்லாத வீடு

சென்ற பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு, ஆறு நாள் சிங்கப்பூர் போய் வந்தேன். "பிறந்த ஊருக்குப் போறதெல்லாம் பயணக் கட்டுரையா?" என்று என் கணவர் செந்தில் கிண்டல் செய்தார். டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டி, குடிநுழைவு வரிசையில் கால் கடுக்க நின்றால் அது பயணம்தான். இந்தத் தளத்தைப் படிக்கிற சிலர் கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூர் போவதாகச் சொல்லி விவரம் கேட்டிருந்தீர்கள். வழக்கமான இடங்கள் இதில் குறைவாகத்தான் இருக்கும். நான் போனது ஊர் பார்க்க இல்லை, அம்மாவைச் சம்மதிக்க வைக்க.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிளவுபட்ட மேலுதட்டோடும் அண்ணத்தோடும் பிறந்தவள். என் படத்தை உற்றுப் பார்த்தவர்களுக்கு மூக்குக்குக் கீழே உள்ள தழும்பு தெரிந்திருக்கும். இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. கல்யாணமாகிக் கோவைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இந்தப் பயணத்தின்போது பதினான்கு வாரக் கர்ப்பிணி. பிரசவத்தின்போது அம்மா கூட இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவோ முட்டி வலி, கோவைத் தண்ணீர், துளசிச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று போனில் தினம் ஒரு சாக்கு சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் விடாமல் பிடித்துக்கொண்டதும் உண்மை வெளியே வந்துவிட்டது.

"என் கை ராசி தெரியாதா உனக்கு? பெத்த புள்ள உதட்டையே வெட்டுன கை. உன் புள்ளகிட்ட நான் வரவே வேணாம்மா."

அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

கோவையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, நாலரை மணி நேரம். சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது காலை ஏழு. அம்மா இருக்கும் தோ பாயோவுக்கு ரயிலிலும் போகலாம், ஆனால் இடையில் மாற வேண்டும். வயிற்றில் குமட்டலோடு அந்த வேலை வேண்டாம் என்று டாக்சி பிடித்தேன். இருபத்தைந்து நிமிடம், காலை நேரக் கூடுதல் கட்டணத்தோடு முப்பது வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, கொஞ்சம் மேல். ஓட்டுநர் நம்மவர்.

"எந்த ஊர்மா?"

"கோயம்புத்தூர் அங்கிள். பொறந்தது தோ பாயோ."

"அப்ப விசிட்டரா, லோக்கலா?"

"அம்மா வீட்டுக்குப் போறேன்."

"அம்மா வீடுன்னா லோக்கல் லா" என்று அவரே முடிவு செய்துவிட்டு, ஈசூனில் இருக்கும் தன் பேரன்களின் பள்ளிக்கூடக் கதையை ஆரம்பித்தார். விரைவுச்சாலை ஓரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் அப்படியே இருந்தன. நான் பாதி கேட்டேன், பாதி வேடிக்கை பார்த்தேன்.

எங்கள் வீடு பழைய அடுக்குமாடி ஒன்றில் ஒன்பதாவது மாடி. அப்பா போய் நான்கு வருடமாகிறது, அம்மா தனியாகத்தான் இருக்கிறார். தாழ்வாரத்தில் அதே பச்சை ஓடு, அதே துணி காயப்போடும் மூங்கில் கழி. கதவைத் திறந்ததும் சாம்பிராணியும் பெலாச்சானும் கலந்த ஒரு வாசம் வந்தது. இறால் விழுதை வறுத்த வீட்டில் சாமி கும்பிட்டால் வரும் வாசம் அது. உலகத்தில் வேறு எங்கும் எனக்கு அது கிடைத்ததில்லை. பையைக் கீழே வைக்காமலே அழுதுவிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார். தொட வந்த கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு, "டீ போடறேன்" என்று அடுக்களைக்குள் போய்விட்டார்.

ஏன் என்று புரிய வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் கத்திரிக்கோல் கிடையாது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் தேக்கா சந்தையின் மாடியில் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிற வேலை பார்த்தவர். என்னைச் சுமந்த மாதங்களிலும் நாள் முழுக்க ரவிக்கைத் துணி வெட்டியிருக்கிறார். நான் பிறந்து, என் முகத்தைப் பார்த்ததும் தீர்ப்புகள் வந்தன. எங்கள் சொந்தக்காரர்கள், கிரகண நேரத்தில் கத்திரிக்கோல் பிடித்திருப்பாள் என்றார்கள். அந்த மாதங்களில் கிரகணமே வரவில்லை என்று அப்பா சொல்லிப் பார்த்தாராம், எடுபடவில்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, கர்ப்பிணி கட்டிலில் உட்கார்ந்து துணி வெட்டினால் இப்படித்தான் என்றார். கீழ்வீட்டு மலாய் மாமியும் "பந்தாங்" என்று தலையாட்டினார். செய்யக்கூடாததைச் செய்துவிட்டாய் என்று அர்த்தம். மூன்று இனமும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் கேள்விப்பட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அம்மா வேலையை விட்டார். பிறகு ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் மீ கோரெங் நூடுல்ஸ் போட்டு வயதாகும்வரை அங்கேயே இருந்தார். வீட்டில் இருந்த கத்திரிக்கோல்கள் போய்விட்டன. கத்திக்கு மட்டும் மன்னிப்பு உண்டு. மைலோ சாக்லேட் தூள் பாக்கெட்டைப் பல்லால் கிழிப்போம். பள்ளிக் கைவேலைக்கு நான் சீன ஆன்ட்டி வீட்டில் போய்க் கத்திரிக்கோல் கடன் வாங்கி, அங்கேயே வெட்டி, அங்கேயே கொடுத்துவிட்டு வருவேன். எனக்குப் பேச்சுப் பயிற்சி இருந்தது. மூக்கு வழியாகக் காற்று போகாமல் வாய் வழியாக வர வேண்டும் என்பதற்காக, மெல்லிய காகிதக் கீற்றை உதட்டுக்கு முன்னால் பிடித்து "பா, பா, பா" சொல்ல வேண்டும், காகிதம் ஆட வேண்டும். அந்தக் கீற்றை அம்மா மடித்து, மடிப்பை நாக்கால் ஈரப்படுத்தி, நூல் பிடித்த மாதிரி நேராகக் கிழிப்பார். மாலையில் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கல் மேசையில் உட்கார்ந்து, "பம்பரம், பப்பாளி, பட்டம்" என்று இருவரும் சேர்ந்து சொல்வோம். காகிதம் ஆடினால் ஐஸ் காச்சாங், துருவிய ஐஸில் கலர் பாகு ஊற்றியது. என் பால்யத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. அம்மாவுக்கு அது தண்டனைக் காலம் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

வந்த அன்று மதியம் அந்தச் சீன ஆன்ட்டி இரண்டு மாண்டரின் ஆரஞ்சுகளோடு வந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார், அம்மாவோடு இன்னும் சந்தை மலாயில்தான் பேச்சு. என் வயிற்றைத் தட்டிச் சிரித்துவிட்டு, விரல்களைக் கத்திரிக்கோல்போல ஆட்டி, "ஜாங்கான் பகாய் குந்திங் ஆ!" என்று எச்சரித்தார். கத்திரிக்கோலைத் தொடாதே என்கிறார். நல்ல மனுஷிதான். அம்மாவின் முகம் செத்துவிட்டது.

மறுநாளுக்கு நான் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். சின்ன வயதில் நான் போய் வந்த மருத்துவமனையில், உதட்டுப் பிளவுக் குழந்தைகளைப் பார்க்கும் ஒரு தமிழ் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன். என் பேச்சைக் கேட்காத அம்மா, வெள்ளைக் கோட்டின் பேச்சைக் கேட்பார் என்பது என் கணக்கு. படித்தவர்கள் போடுகிற கணக்கு இப்படித்தான் இருக்கும்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். படம் வரைந்து விளக்கினார்.

"ஆன்ட்டி, பேபியோட ஃபேஸ் ரொம்ப சீக்கிரமே உருவாகிடும். ரெண்டு சைடுலேருந்தும் சின்னச் சின்னத் துண்டா வளர்ந்து வந்து, நடுவுல தச்ச மாதிரி ஒண்ணா சேரணும். உதடு ஏழாவது வாரத்துக்குள்ள சேர்ந்துடும். அண்ணம் அதுக்கப்புறம், மூணாவது மாசத்துக்குள்ள. அந்த நேரத்துல எங்கேயோ சேராமப் போயிட்டா, அதான் பிளவு. கத்திரிக்கோல், கிரகணம் எதுக்கும் இதுல வேலையே இல்ல."

'தச்ச மாதிரி' என்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எதனாலம்மா சேராமப் போகுது?"

டாக்டர் நேர்மையானவர், எல்லாவற்றையும் சொன்னார். பரம்பரையில் வரும் கூறுகள் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள், புகைபிடித்தல், கட்டுப்படாத சர்க்கரை ஆகியவை வாய்ப்பைக் கூட்டலாம். தாயின் சாப்பாட்டுக்கும் பங்கு இருக்கலாம், குறிப்பாகக் கீரையிலும் பருப்பிலும் உள்ள ஃபோலேட் சத்து. அதனால்தான் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே ஃபோலிக் ஆசிட் மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். முதுகுத்தண்டுக் குறைபாடுகளை அது நன்றாகத் தடுக்கிறது. உதட்டுப் பிளவுக்கும் உதவலாம், ஆனால் போட்டால் வரவே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதேபோல வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினாலும் கெடுதல்.

"அதனால ஈரல் மட்டும் அடிக்கடி வேணாம் ஆன்ட்டி. அதுல அந்த வைட்டமின் ரொம்ப இருக்கு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து, ரத்தம் ஊறட்டும் என்று, வாரம் மூன்று தடவை ஆட்டு ஈரல் சாப்பிடச் சொல்லிப் போனில் உயிரை எடுத்தவர் அவர்தான்.

"நான் இவளச் சொமக்கறப்ப வாந்திதான். மூணு மாசம் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டும் பால் இல்லாத தே-ஓவும்தான் இறங்குச்சு" என்றார் டாக்டரிடம், வாக்குமூலம் கொடுக்கிறவர் மாதிரி. "கிளினிக்ல குடுத்த மாத்திரையும் சூடுன்னு போடல. மைலோ டின்னுல போட்டு மூடி வச்சுட்டேன்."

"மாத்திரை எப்பக் குடுத்தாங்க?"

"மூணு மாசம் முடிஞ்சு."

"அப்ப உதடு சேர்ற டைமே முடிஞ்சிருக்கு ஆன்ட்டி. வாந்தி எத்தனையோ பேருக்கு வருது, அவங்க பிள்ளைங்க நல்லாத்தான் பொறக்குது. எல்லாம் கரெக்டா சாப்பிட்டு, மாத்திரையும் போட்ட அம்மாக்களும் பிளவோட பிள்ளையத் தூக்கிட்டு இங்க வர்றாங்க. நிறைய பேருக்குப் பல காரணம் கலந்து வரும். உங்களுக்கு எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்."

என் பிள்ளைக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், ஆனாலும் வராமல் இருப்பதற்கே அதிக வாய்ப்பு என்றும் சொன்னார். அதை அம்மா காதில் வாங்கினாரா தெரியவில்லை. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்ததும், "கத்திரிக்கோல் இல்லையாம். நான் திங்காததுதானாம்" என்றார். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் இத்தனை வருடம் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவரிடமிருந்து அதைப் பிடுங்கினால், கை சும்மா இருக்குமா, அடுத்ததைப் பிடித்துக்கொண்டது. அதுவும் இந்தத் தடவை புத்தகத்தில் இருக்கிற காரணம். குற்றத்தைக் கழற்றலாம் என்று கூட்டிப்போய் இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டேனே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஈரலையும் குடுத்து உன் புள்ளையையும் கெடுத்துட்டேன். இதுக்குத்தான் சொன்னேன், நான் வரமாட்டேன்னு."

"அம்மா, நான் ஒரு துண்டு தின்னல. எனக்கு ஈரல்னாலே வாந்தி. நீ போன் பண்றப்பல்லாம் 'தின்னாச்சு'ன்னு பொய் சொன்னேன். முழுக்கத் தின்னது செந்தில்."

அம்மா என்னையே பார்த்தார். "அதான் மாப்ள அப்படி உருண்டு போயிருக்காரா?" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு ஓயும் முன்பே நான் சொல்லிவிட்டேன். பல வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது.

"நீ உன் கையைத் திட்டறப்பல்லாம், நான் ஏதோ நடந்திருக்கவே கூடாத தப்புன்னு எனக்குக் கேக்குதும்மா. என் உதட்டுக்கு நீ பரிகாரம் பண்ணிக்கிட்டே இருக்க. எனக்கு இந்த உதடு போதும். இதை வச்சுத்தான் பேசறேன், சிரிக்கிறேன், செந்திலைத் திட்டறேன். என் புள்ளைக்கும் இதே உதடு வந்தா, காகிதத்த நேராக் கிழிச்சு அதுக்கு 'பா' சொல்லிக் குடுக்க எனக்கு யாரு இருக்கா?"

பேருந்து வந்தது, ஏறினோம்.

மூன்றாம் நாள் தேக்கா. தோ பாயோவிலிருந்து சிவப்பு வழித்தடத்தில் இரண்டாவது நிலையம் நியூட்டன், அங்கே நீல வழித்தடத்துக்கு மாறினால் அடுத்தது லிட்டில் இந்தியா. இருபது நிமிடம் போதும், வங்கி அட்டையைத் தட்டியே போகலாம். வெளியே வந்தவுடன் தேக்கா நிலையம். கீழே ஈரச்சந்தையும் உணவுக் கடைகளும், மேலே துணிக்கடைகளும் தையல்காரர்களும். சின்ன வயதில் நானும் அம்மாவும் மீன் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவோம். மின்படிக்கட்டை நான் ஏக்கத்தோடு திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். மேலே ஏதோ பெரிய திருவிழா நடப்பதாக நினைத்துக்கொள்வேன்.

இந்தத் தடவை நான் பாட்டுக்கு ஏறிவிட்டேன். அம்மா கீழே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கர்ப்பிணியைத் தனியே விட மனமில்லாமல் பின்னால் வந்தார். அவர் வேலை பார்த்த கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் பளபளவென்று லெஹங்கா தொங்குகிறது. அம்மா அந்த முனையில் மட்டும் கொஞ்சம் நின்றார். "வெட்டற மேசை இங்கதான் இருந்துச்சு. காத்தே வராது" என்றார். நான் பிள்ளைக்குச் சட்டை தைக்க மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி இரண்டு மீட்டர் வாங்கினேன். பக்கத்துக் கடையில் கருப்புப் பிடி போட்ட தையல் கத்திரிக்கோல் ஒன்றும் வாங்கினேன். அம்மா வழி முழுக்க அந்தப் பையிலிருந்து ஓரடி தள்ளியே நடந்தார்.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையைத் துடைத்துத் துணியை விரித்தேன்.

"வயித்துப் புள்ளையோட அதத் தொடாத!"

"பதினாலு வாரம் முடிஞ்சாச்சும்மா. டாக்டர் சொன்னாங்கல்ல? உதடு சேர்ந்திருந்தா சேர்ந்தாச்சு, சேரலன்னா சேரல. இனிமே நான் என்ன வெட்டினாலும் அது மாறாது."

சொல்லும்போது தைரியமாகத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. உள்ளே இருக்கிற முகம் முடிவாகிவிட்டது, பார்க்கத்தான் பாக்கி. கத்திரிக்கோலைத் துணியில் வைத்து வெட்ட ஆரம்பித்தேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

"ஏய், ஏய், என்ன பண்ற? நூல் ஓட்டம் பாக்காம வெட்டற? தொவச்சதும் கோணிக்கும்! அது என்ன பிடி, புல்லு வெட்டற மாதிரி? நல்ல துணிய நாசம் பண்ணாத, குடு இப்படி!"

பிடுங்கிவிட்டார். பிடுங்கிய வேகத்தில் துணியை உதறி, குறுக்கே இழுத்துப் பார்த்து, மடித்து, ஒரே ஓட்டமாக வெட்டினார். கத்திரிக்கோல் துணிக்குள் போகும் சத்தம் அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. கழுத்து வளைவில் வந்து நின்றபோதுதான் தன் கையைக் கவனித்தார். கீழே வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "கழுத்து பெருசா வைக்கறேன். சின்னப் புள்ளைக்குத் தலைதான் பெருசு" என்று மீதியையும் வெட்டி முடித்தார்.

நான் வேண்டுமென்றே தப்பாக வெட்டினேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். இல்லை. எனக்கு நிஜமாகவே வராது. கத்திரிக்கோல் இல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான்.

மீதி நாட்களில் கல் மேசையில் உட்கார்ந்தோம், ஐஸ் காச்சாங் சாப்பிட்டோம், தஞ்சோங் பகாரில் அப்பா வேலை பார்த்த கட்டடம் இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தோம். அங்கே இப்போது கண்ணாடிக் கோபுரம் நிற்கிறது. அம்மா கோவை வருவதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வருகை அட்டையைக் கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்பிவிடுங்கள், காசு கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசா எடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் கிளம்புமுன் டாக்டரைக் கேளுங்கள், ஏழாம் மாதத்துக்குப் பிறகு பல விமானங்களில் கடிதம் கேட்பார்கள். தேக்காவில் மதியம் ஒரு மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது, பதினொன்றுக்கே போய்விடுங்கள். பிள்ளை வேண்டும் என்று யோசிப்பவர்கள் ஃபோலிக் ஆசிட் பற்றி இப்போதே மருத்துவரிடம் பேசுங்கள். குடும்பத்தில் யாருக்காவது பிளவு இருந்தால் அதையும் சொல்லுங்கள், மாத்திரை அளவு மாறலாம். வேறு மருந்து எடுப்பவர்கள் நீங்களாக நிறுத்திவிடாமல் முதலில் கேளுங்கள். யாருக்காவது பிளவோடு பிள்ளை பிறந்தால், தயவுசெய்து அந்தத் தாயிடம் போய் என்ன செய்தாய், என்ன சாப்பிட்டாய் என்று விசாரிக்காதீர்கள். அவள் ஏற்கெனவே விசாரித்துக்கொண்டிருப்பாள். எனக்கு, பிள்ளையின் உதடு தெரியும் பெரிய ஸ்கேன் வரும் வியாழக்கிழமை. பயமாகத்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கத்திரிக்கோல் வாங்கினால் கைப்பையில் வைக்காதீர்கள். கிளம்புகிற அன்று நான் அப்படித்தான் வைத்தேன். அம்மா பையைத் துழாவி அதை வெளியே எடுத்தார்.

"ஏர்போர்ட்ல புடுங்கிக்குவான் லா. இங்கயே இருக்கட்டும். நான் வர்றப்ப என் பெரிய பெட்டில போட்டு எடுத்துட்டு வர்றேன்."